கழற்றத் தெரிந்த சுவர்

ஜனவரி 9

அன்புள்ள ரசமட்டத்துக்கு,

நீ போனைப் பாதிப் பேச்சில் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும், கோபம் ஆறியதும் எடுத்துப் படிக்கலாம். தபால்காரர் உன் அண்ணன்தான். வாரம் ஒரு லோடு உன் பக்கம் வரப்போகிறது. போகும்போது என் கடிதம், வரும்போது உன்னுடையது. "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நான் லாரி ஓட்டணுமா?" என்கிறார். எனக்குப் புருஷன், உனக்கு அண்ணன். அவர் ஓட்டாமல் வேறு யார் ஓட்டுவது?

"உன் சுவரை இடிக்கும்போதுதான் உன் தரம் எனக்குத் தெரியும்" என்று நான் சொன்னது உனக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. உன் ஆட்கள் பதினைந்து பேர் கேட்டார்கள் என்றால், ஸ்பீக்கரில் போட்டது யார்? ஆனால் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். பதினெட்டு வருடமாகக் கட்டடம் இடித்துப் பிழைக்கிறேன். கட்டியவன் என்ன நினைத்துக் கட்டினான் என்பது இடிக்கிறவளுக்குத்தான் தெரியும்.

இந்த லோடில் ஐயாயிரம் செங்கல் வருகிறது. பழைய நூல் ஆலையின் மேற்குச் சுவர். சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்து கட்டியது. ஒரு தட்டுத் தட்டினால் செங்கல் தனி, கலவை தனி. நூற்றுக்குத் தொண்ணூறு முழுசாக வந்தது. அதே ஆலையில் பின்னால் சிமெண்ட் வைத்துக் கட்டிய பகுதியில் நூற்றுக்கு முப்பதுகூடத் தேறவில்லை.

மறுபடியும் சொல்கிறேன், காது கொடுத்துக் கேள். அந்த ஆற்றங்கரையில் பத்து வீடு கட்ட நகராட்சி அலுவலகம் அனுமதி கொடுத்தது எதனால்? ஆறு கரையை அரித்துக்கொண்டு வந்தால் வீட்டைப் பிரித்துத் தள்ளிக் கட்டிக்கொள்வோம் என்று நாம் எழுதிக் கொடுத்ததால்தான். இந்தப் பத்தும் சரியாக வந்தால் இன்னும் முப்பது குடும்பத்துக்கு அனுமதி. வராவிட்டால் எல்லோரையும் மூட்டை கட்டி ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் அடுக்குமாடிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கூரை இருக்கும், பிழைப்பு இருக்காது.

ஆகவே சுவரில் சுண்ணாம்பு, செங்கல் பொடி, மணல். அவ்வளவுதான். சிமெண்ட் கக்கூஸ் தொட்டிக்கு மட்டும். உடையும் செங்கலை வீசாதே, அரைத்துப் பொடியாக்கு. ஆணி வேண்டாம், எல்லாம் திருகு. இந்த வீட்டில் உள்ள எந்தச் சாமானும் இரண்டாவது தடவை உபயோகப்பட வேண்டும்.

உன் அண்ணி

•

ஜனவரி 17

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

செங்கல் வந்து சேர்ந்தது. உடைந்தவை நாற்பத்திரண்டு. அண்ணன் வேகத்தடை எதையும் மதிப்பதில்லை என்று தெரிகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கரண்டி பிடிக்கிறேன். இதுவரை என் சுவர் ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. என்னிடம் வந்து, சுலபமாகப் பிரிந்து வரும் சுவரைக் கட்டு என்கிறீர்கள். என் சித்தாள் பெண்ணே சிரிக்கிறாள். "கல்யாண வீட்டுல உக்காந்துகிட்டு விவாகரத்து பத்திப் பேசுற மாதிரி இருக்கு மேஸ்திரி" என்றாள். நான் என்ன பதில் சொல்வது?

பழசைக் கிளறக்கூடாதுதான். ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் தூக்கம் வராது. பத்து வருடத்துக்கு முன்னால் உங்கள் பழைய சாமான் கடைக்கு ஓர் அலுவலக அறை கட்டிக் கொடுத்தேன். மூலைக்கு மூலை ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கட்டினேன். அதனால்தானே உங்கள் ஆட்கள் எனக்கு அந்தப் பட்டப்பெயரையே வைத்தார்கள். கட்டி முடித்த அன்று நீங்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்ன சொன்னீர்கள் தெரியுமா? "இதை இடிக்க ரொம்ப நாளாகும்." அவ்வளவுதான். பத்து வருடத்தில் ஒரு தடவையாவது என் வேலையை "நல்ல வேலை" என்று சொன்னதுண்டா? ஊரே சொல்லியிருக்கிறது. நீங்கள் சொன்னதில்லை.

இருக்கட்டும். வேலை ஆரம்பித்தாகிவிட்டது. நீங்கள் அனுப்பிய உடைந்த கான்கிரீட்டைக் கம்பி வலைக் கூடையில் போட்டு, மூன்றரை அடி உயரத்துக்கு மேடை போடுகிறேன். சென்ற வெள்ளத்தின் கறை அரசமரத்தில் இன்னும் இருக்கிறது, அதற்கு மேலே அரை அடி.

கடைசி வீடு தையல்காரம்மாவுடையது. ஆற்றுக்கு மிகப் பக்கம், அறுபது தப்படிதான். அவர் வீட்டுக்காரருக்கு லாரி விபத்தில் கால் போய்விட்டது, தானாக எழுந்து நடக்க முடியாது. மூன்று பெண் குழந்தைகள். தினமும் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு, "இது பிரித்தெடுக்க வசதியான சுவர் அம்மா" என்று எப்படிச் சொல்வது? நீங்கள் வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்

•

ஜனவரி 25

அன்புள்ள ரசமட்டத்துக்கு,

"மரியாதைக்குரிய" என்று ஆரம்பித்தால் மரியாதை வந்துவிடுமா? பரவாயில்லை, உன் அண்ணன் சிரித்தார்.

உன் சித்தாள் பெண் புத்திசாலி. அவளை விட்டுவிடாதே.

நல்ல வேலை என்று நான் சொல்ல வேண்டுமானால், அந்த வேலையை நான் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். உன் வேலையை நான் இதுவரை பிரித்ததில்லை. நீ கட்டிய அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடியாது என்பது வேறு விஷயம்.

இந்த லோடில் கதவுகள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜை இடித்தேன், அறுபத்து நான்கு கதவு. வாசலுக்கு அல்ல, கூரைக்கு. தகரத்துக்கு வெளியே சுண்ணாம்பு அடி. தகரத்துக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு இந்தக் கதவுகளைப் படுக்க வைத்துத் திருகு. நடுவில் காற்று ஓட இரண்டு பக்கமும் திறந்து விடு. அறை நம்பரெல்லாம் அழியவில்லை. அழிக்காதே, எந்தக் கதவு எந்த வீட்டில் என்று எழுதி வைத்துக்கொள். பிரிக்கும்போது உதவும்.

பார்த்தாயா, மறுபடி பிரிப்பதைப் பற்றிப் பேசிவிட்டேன். தையல்காரம்மாவிடம் நான் வந்து சொல்லத் தேவையில்லை. அவர் கேட்டால், இந்தச் சாமான் அத்தனையும் உங்களுடையது, ஆறு வந்தால்கூட எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல். ஏழைக்கு இதைவிடப் பெரிய சொத்து எனக்குத் தெரிந்து இல்லை.

அண்ணி

•

மே 3

அண்ணிக்கு,

பத்து வீடும் முடிந்தது. குடி வந்துவிட்டார்கள்.

நான் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் லாட்ஜ் கதவுகள் பிரமாதம். வெளியே தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில். முன்பு தகரக் கொட்டகையில் இருந்தபோது, தையல்காரம்மா காலை பதினொன்றுக்கு மிஷினை மூடினால் சாயங்காலம்தான் மறுபடி உட்காருவாராம். இப்போது மத்தியானத்திலும் மிதிக்கிறார். "கொத்தனாரே, ஒரு நாளைக்கு நாலு ஜாக்கெட் கூடுதலா தைக்கிறேன்" என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

குழந்தைகள் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் கதவுதானே தெரிகிறது, கைப்பிடியோடு. கடைக்குட்டி என்னிடம் கேட்டாள், "மாமா, இருநூத்தி ஏழுல யாரு இருக்காங்க?" நான் கொஞ்சமும் யோசிக்காமல் "காத்து" என்றேன். அன்றிலிருந்து ராத்திரி படுக்கும்போது இருநூற்று ஏழுக்கு வணக்கம் சொல்கிறாளாம்.

பக்கத்துத் தெருக்களிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். முப்பது குடும்பமும் எங்களுக்கு எப்போது என்று கேட்கிறது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடக்கிறேன்.

கடைசி வீட்டைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு முடித்திருக்கிறேன். ஆற்றுப் பக்கம் இல்லையா. வேறொன்றும் இல்லை.

உங்கள் கொழுந்தன்

•

செப்டம்பர் 6

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

உன் அண்ணன் வந்து சொன்னதைக் கேட்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான்கு நாள் வெள்ளம், மூன்றடித் தண்ணீர், பத்து வீட்டிலும் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. மழையில் சுவர் நனைந்தது, ஒரு வாரத்தில் காய்ந்தது. ஒன்பதாவது வீட்டுக்காரர் மேடையில் உட்கார்ந்து தூண்டில் போட்டாராமே. கட்டியவன் நீ. உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இதையே நீ கேட்ட வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதே, இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது பிரிக்கும் வேளை வந்துவிட்டது. கரை அரித்து, தையல்காரம்மா வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே பதினான்கு தப்படிதான் மிச்சம் என்கிறார். அடுத்த வெள்ளத்துக்குள் அந்த வீடு இடம் மாறியாக வேண்டும். அலுவலகத்திலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. பிரித்துத் தள்ளிக் கட்டுவோம் என்று எழுதிக் கொடுத்தீர்களே, அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முப்பது வீட்டுக்குக் கையெழுத்து என்று அங்கே இருக்கும் பொறியாளர் அம்மா எழுதியிருக்கிறார். அக்டோபர் 8, காலை ஒன்பது மணி.

எனக்குப் பயமே இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்துக் காட்டுவோம். செங்கல் கொத்துவதில் கைதேர்ந்த, என்னிடம் வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். என் சுத்தியலுக்கு முதல் தடவையாக உன் சுவர்! நீ மூலையில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிரு.

அண்ணி

•

செப்டம்பர் 12

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் அவ்வளவு தூரம் வர வேண்டாம். உங்களுக்கு முதுகு வலி என்று அண்ணன் சொன்னார்.

இன்னொன்று. கடைசி வீட்டுக்குப் பதிலாக ஒன்பதாவது வீட்டைப் பிரித்துக் காட்டினால் என்ன? அதுவும் ஆற்றுப் பக்கம்தான். தையல்காரம்மாவுக்குக் கைநிறையத் தையல் வேலை இருக்கிறது. அவர் வீட்டுக்காரரையும் அடிக்கடி தூக்கி இறக்க முடியாது. கடைசி வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அலுவலகத்துக்கு இரண்டும் ஒன்றுதானே.

அவசரமாக எழுதுகிறேன், அண்ணன் ஹாரன் அடிக்கிறார்.

•

செப்டம்பர் 16

கொழுந்தனாரே,

உன் அண்ணன் ஹாரன் அடித்ததாகத் தனக்கு நினைவில்லை என்கிறார். அங்கே அரை மணி நேரம் படுத்துத் தூங்கினாராம்.

எனக்கு முதுகு வலி இல்லை. ஒன்பதாவது வீட்டுக்கும் ஆற்றுக்கும் நாற்பது தப்படி இருக்கிறது. ஆற்றின் வாயில் இருக்கிற வீட்டை விட்டுவிட்டு அதை ஏன் பிரிக்க வேண்டும்? இருபத்திரண்டு வருடத்தில் நீ ஒரு தடவையாவது உன் சுவரைப் பார்க்காதே என்று யாரிடமாவது சொன்னதுண்டா? கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுகிறவன் நீ.

பூசி மெழுகாமல் எழுது.

அண்ணி

•

செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

சிமெண்ட் போட்டேன். கடைசி வீட்டுக்கு மட்டும். கக்கூஸ் தொட்டிக்கு வந்ததில் எட்டு மூட்டை மிச்சம் இருந்தது. சுண்ணாம்புக் கலவை ஒவ்வொரு சட்டிக்கும் கால் சட்டி சிமெண்ட். என் கையால் நானே கலந்தேன், சித்தாளைக்கூட விடவில்லை. மூன்று மூட்டை போதும் என்று ஆரம்பித்தேன். எட்டும் போய்விட்டது.

சப்பைக்கட்டு கட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அஸ்திவாரம் முடிந்த அன்று அந்த அம்மா வந்தார். "வெள்ளம் வந்தா முதல்ல என் வீட்டுக்குத்தான் வரும் கொத்தனாரே. இவரால எழுந்து ஓட முடியாது. நாலு பேரையும் நான் ஒருத்தி தூக்கிட்டு ஓட முடியாது. கொஞ்சம் கெட்டியா போடுங்க" என்றார். அவர் போனதும் மிச்ச சிமெண்ட் மூட்டைகளை எண்ணிப் பார்த்தேன். உங்கள் மேல் இருந்த கோபமும் சேர்ந்துகொண்டது. இடிக்கிறவளுக்கு என்ன தெரியும், நிற்க வைப்பது என் வேலை என்று நினைத்தேன். ஆற்றுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற வீடுதான் மிகக் கெட்டியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆற்றுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற வீடுதான் முதலில் நகர வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினீர்கள்.

இதில் இன்னொரு கொடுமை. பக்கத்தில் ஒன்பதாவது வீடும் அதே வெள்ளத்தில்தான் நின்றது. வெறும் சுண்ணாம்புச் சுவர். ஒரு முடி அளவுகூட விரிசல் இல்லை. நான் போட்ட சிமெண்டுக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

நேற்று மாலை உளியை எடுத்துக்கொண்டு போய், பின்பக்கச் சுவரில் யாருக்கும் தெரியாமல் ஒரு செங்கலை எடுக்கப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆனது. நான்கு துண்டாக வந்தது. உள்ளே அந்த அம்மா மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் முப்பது குடும்பத்தின் காரியம் என்னால் கெட்டுவிடக்கூடாது. ஒன்பதாவது வீட்டைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அப்படிச் செய்யட்டுமா? நீங்கள் சொன்னால் செய்கிறேன்.

உங்கள் கொழுந்தன்

•

செப்டம்பர் 23

தம்பி,

மூன்று நாளாக உன்னைத் திட்டி முடித்துவிட்டேன். பாதியை உன் அண்ணன் கேட்டார், மீதியைச் சுவர் கேட்டது, நீ கட்டிய அதே சுவர். ஆகையால் இந்தக் கடிதத்தில் திட்டு இல்லை.

தப்பு எனக்கும் உண்டு. "தையல்காரம்மா கண்ணைப் பார்த்து எப்படிச் சொல்வது, நீங்கள் வந்து சொல்லுங்கள்" என்று நீ ஜனவரியில் எழுதினாய். நான் வரவில்லை, கதவு அனுப்பினேன். ஒரு நாள் வந்து அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்து ஒரு சுவரைப் பிரித்துக் காட்டியிருந்தால் அவர் கெட்டியாகப் போடச் சொல்லியிருக்க மாட்டார். உத்தரவு போடுவது எனக்குச் சுலபமாக வருகிறது, விளக்கம் சொல்வது வருவதில்லை.

இனி செய்ய வேண்டியது. வாயை மூடிக்கொண்டிருக்காதே. அக்டோபர் 8 அன்று இரண்டு வீட்டிலும் ஒரு சுவர் பிரியுங்கள். கடைசி வீட்டில் ஒன்று, ஒன்பதாவது வீட்டில் ஒன்று. ஒரே அளவு, ஒரே நேரம், ஆளுக்கு ஒரு சுத்தியல். ஒன்பதாவது வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். ஒரு சுவர்தானே, மூன்று நாளில் கட்டிக் கொடுத்துவிடலாம். இரண்டு குவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வை. அப்புறம் எல்லோர் முன்னாலும் நீ என்ன செய்தாய் என்று நீயே சொல்.

அலுவலகத்துக்கு முன்னால் தையல்காரம்மாவிடம் சொல். அவருடைய வீடு. அவர் கடைசியாகத் தெரிந்துகொள்ளக் கூடாது.

நான் வரமாட்டேன். பெண்கள் இருவரும் வருவார்கள். நான் வந்தால் என் வாய் சும்மா இருக்காது, எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது சுவரை.

உன்னால் முடியும். கெட்டியான ஆள்தான் நீ, அதுதானே பிரச்சினையே.

அண்ணி

•

நவம்பர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், கையில் கரண்டி இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் தையல்காரம்மா. சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு நூலை அறுத்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த பாவாடையின் அடிப்பக்கத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். நாலு விரல் அகலத்துக்கு உள்மடிப்பு.

"இத எதுக்கு விடறேன் தெரியுமா கொத்தனாரே? அடுத்த வருஷம் புள்ள வளரும். அப்ப பிரிச்சு இறக்கணும். அதனால இங்க மட்டும் லூசா தைப்பேன். இதுலயும் போய் மூணு தையல் போட்டா துணி கிழியும். தினமும் இதச் செய்யறவ நான். உங்ககிட்ட வந்து கெட்டியா போடுங்கன்னு கேட்டேன் பாருங்க." பாவாடையை மடித்து வைத்துவிட்டு, "எனக்காகத்தான் போட்டீங்க. ஆனா என் வீடு போச்சே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

எட்டாம் தேதி ஊரே வந்திருந்தது. உங்கள் பெண்களில் ஒருவர் ஒன்பதாவது வீட்டில், நான் கடைசி வீட்டில். ஒரு மணி நேரம். அவர் சுத்தியலின் சத்தம் 'டொக் டொக்' என்று தாளம் போட்ட மாதிரி போய்க்கொண்டே இருந்தது. என்னுடையது கருமான் பட்டறை. முடிந்ததும் எண்ணினோம். அவருடையதில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று முழுசு. என்னுடையதில் இருபத்தாறு. குவியலைப் பார்க்கவே வேண்டாம், என் சட்டையைப் பார்த்தாலே தெரியும்.

பொறியாளர் அம்மா எதற்கும் முகத்தை மாற்றாத ஆள். இரண்டு குவியலையும் போட்டோ எடுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பேச்சு ஆரம்பத்தில் தடுமாறியது, பிறகு சரியாகிவிட்டது. அவர் கேட்டார், "அந்த ஒன்பதாவது வீட்டை மட்டும் காட்டியிருந்தா நான் கையெழுத்து போட்டுட்டுப் போயிருப்பேனே. இதை ஏன் காட்டுறீங்க?"

"அடுத்த முப்பது வீட்டையும் நான் ஒருத்தனே கட்டப்போறதில்லைங்க. என்னை மாதிரி ரோசக்கார கொத்தனார் இன்னும் அஞ்சு பேர் வருவாங்க. அவங்க கையும் சிமெண்ட் மூட்டைப் பக்கம் போகும். அவங்க பாக்கணும்" என்றேன்.

அவர் என் உடைந்த குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அனுமதி வந்தது. முப்பது வீட்டுக்கும். ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் கூரை போடுவதற்கு முன்னால் ஒரு சுவரின் மேல் வரிசையைப் பிரித்துக் காட்ட வேண்டுமாம், வீட்டுக்காரர் கையாலேயே.

உடைந்த செங்கலை வீசவில்லை. எல்லாவற்றையும் பொடியாக அரைத்தாகிவிட்டது. புது வீடுகளின் கலவைக்கு ஆகும். அந்த வீட்டுக் கூரைக் கதவில் ஒன்றுகூட உடையவில்லை. இருநூற்று ஏழு பத்திரம். கடைக்குட்டி அதைத் தன் கண் முன்னால்தான் கழற்ற வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது நீங்கள் கேட்கப்போவதை நானே சொல்லிவிடுகிறேன். கடைசி வீட்டை மறுபடி கட்டச் செங்கல் எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டு மாடி அறைக்காக மூன்று வருடமாக உங்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கி அடுக்கி வைத்திருந்தேனே, அது. என் வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் அவளே, "அந்தச் செங்கலை எடுத்துக்கிட்டுப் போய்க் கட்டிக் குடுங்க, உங்க மூஞ்சிய என்னால பாக்க முடியல" என்றாள். லாரி வாசலை விட்டுப் போன பிறகு காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பதினெட்டு நாளில் முடித்தேன். பழைய இடத்திலிருந்து இருநூற்றுப் பத்து தப்படி உள்ளே. கூரை ஏற்றிக்கொண்டிருந்த அன்று, தையல்காரம்மா வந்து வழக்கம்போலச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இந்தத் தடவை எப்படிப் போட்டிருக்கீங்க?" என்றார். சுத்தியலை அவர் கையில் கொடுத்து, இன்னும் கூரை ஏறாத மூலையில் மேல் வரிசையைக் காட்டினேன். பயந்து பயந்து இரண்டு தட்டுத் தட்டினார். செங்கல் முழுசாக அவர் கைக்கு வந்துவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய் மடியில் வைத்துக் காட்டினார். "பாருங்க, நம்ம வீடு" என்றார். அவரும் வாங்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை, இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் செங்கலை அந்த அம்மாவே திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். கொஞ்சம் கோணல். நான் ரசமட்டம் வைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்டதாக உங்கள் பெண்கள் சொன்னார்கள் என்று, கடைசி வீட்டில் பிரியாமல் ஒட்டிக்கொண்டு வந்த மூன்று செங்கலை அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். எதற்கு என்று தெரியவில்லை. என்னைக் கேலி செய்யத்தான் என்றால், செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன்

•

நவம்பர் 8

அன்புள்ள ரசமட்டத்துக்கு,

மூன்று செங்கலும் வந்து சேர்ந்தது. என் மேஜை மேல் வைத்திருக்கிறேன். சாமான் வாங்க வரும் கொத்தனார்கள் எல்லோரிடமும் சுத்தியலைக் கொடுத்து, முடிந்தால் பிரித்துப் பார் என்கிறேன். பிரிக்க முடியாமல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கட்டியது என் கொழுந்தன் என்று சொல்லுவேன். அப்புறம் முழுக் கதையையும் சொல்லுவேன். இதுவரை நான்கு பேர் சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்த லோடில் மேலே இருப்பது புது வீடுகளுக்கு. அடியில் மூவாயிரம் செங்கல் தனியாகக் கயிறு கட்டி வைத்திருக்கிறது, அது உன் மாடி அறைக்கு. என் அலுவலகச் செங்கல். ஆமாம், இடித்துவிட்டேன். சுவருக்குள் உட்கார்ந்து வேகிறதற்குப் பதில் மரத்தடியில் மேஜை போட்டு உட்காரலாம் என்று பார்த்தேன். இடிக்க ரொம்ப நாளாகும் என்று நான் அன்று சொன்னது சரிதான், என் ஆட்கள் ஆறு பேருக்கு ஐந்து நாள் ஆனது. நூற்றுக்கு முப்பத்தொன்று தேறியது, அதற்கே கை காய்த்துவிட்டது. குறைந்ததற்கு நூல் ஆலைச் செங்கலைப் போட்டு நிரப்பியிருக்கிறேன். தையில் நீ வந்து எனக்குச் சுண்ணாம்பில் ஓர் அறை கட்டிக் கொடு, கூரைக்கு, அன்று உனக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்ட நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் லாட்ஜ் கதவை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் வேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றல்ல, இரண்டு. என் அலுவலகம் கெட்டியான வேலை. மேஜை மேல் இருக்கிற மூன்று செங்கலும் கெட்டியான வேலை. அந்த அம்மா தன் கையால் தட்டி எடுத்து, புருஷனிடம் காட்டி, திருப்பி வைத்தாரே ஒரு செங்கல், கோணலாக, அது நல்ல வேலை.

சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை உன் ஆட்கள் பதினைந்து பேர் முன்னாலும் உரக்கப் படி.

அண்ணி